ஈறு காத்தால் பல் காக்கலாம்

(பூவிருந்தவல்லி வட்டாரப் பஞ்சாயத்து உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



கிராம அபிவிருத்தி என்றதும் சாலை, குடிநீர், ஏரிக்கரை, பள்ளிக் கட்டடம், தெருவிளக்கு ஆகியவையே நம் நினைவிற்கு வருகின்றன. இவை யாவும் அவசியமானவை என்பதில் ஐயமில்லை. எனினும், இவற்றைக் கொண்டு வாழவேண்டிய மனிதனுடைய உடல்நலம் குன்றுமானால், இவற்றால் விளையும் பயனும் குன்றிவிடும். உடல்நலத்திற்கு உணவு ஆதாரம். உணவிற்கு வாயே வாசல். அந்த வாசலைக் காக்கும் பற்களை நம் மக்களில் பலர் நடுத்தர வயதிலேயே இழந்துவிடுகின்றனர். அதற்குப் பெருங்காரணமாக இருக்கும் ஈறு நோயைப் பற்றியே இன்று நாம் பேச விரும்புகிறோம்.

பொது சுகாதாரம் என்னும் பேச்சிற்குப் பூவிருந்தவல்லி புதிய ஊரன்று. நாடு விடுதலை பெறுவதற்கு முன்பே, ராக்பெல்லர் அறநிலையத்தின் ஒத்துழைப்புடன், கிராம சுகாதாரத்திற்கான மாதிரி அமைப்பு ஒன்று இங்கு நடைபெற்றது. சுகாதார ஊழியர்களுக்குப் பயிற்சியளிக்கும் பொது சுகாதார நிறுவனமும் இவ்வூரில் உள்ளது. அம்மை, காலரா, மலேரியா ஆகியவற்றை எதிர்த்து இவ்வூர் மக்கள் பல ஆண்டுகள் போராடியிருக்கின்றனர். அந்நோய்கள் வந்தால் ஊரே அறியும். ஈறு நோயோ ஓசையின்றி வருகிறது. ஒருவரையும் படுக்கையில் தள்ளுவதில்லை. ஆகவேதான் அது அலட்சியப்படுத்தப்படுகிறது.

வலியில்லாத நோய்

பல்லில் சொத்தை விழுந்தால் வலிக்கும். வலி பொறுக்கமுடியாமற்போனால் வைத்தியரிடம் ஓடுவோம். ஈறு நோயில் வலி பெரும்பாலும் இல்லை. பல் துலக்கும்போது எச்சிலில் சிறிது இரத்தம் காணும். சிலருக்குக் காலையில் எழுந்ததும் வாய் நாறும். ஈறு வெளிறிய இளஞ்சிவப்பு நிறம் மாறிச் செக்கச்சிவந்து, தொட்டால் பஞ்சுபோல் இருக்கும். நம் பக்கத்தில் இதை "எகிறு வீங்கியிருக்கிறது" என்பார்கள். "உடம்புச் சூடு, இரண்டு நாளில் போய்விடும்" என்று சொல்லி விட்டுவிடுவார்கள். ஆண்டுகள் பல கழிகின்றன. ஒருநாள் கரும்பைக் கடிக்கும்போதோ, வேர்க்கடலையை மெல்லும்போதோ பல் ஆடுவது தெரிகிறது. அப்போது வைத்தியரிடம் சென்றால், "எலும்பு பெரும்பாலும் கரைந்துவிட்டது; பல்லை எடுப்பதைத் தவிர வழியில்லை" என்கிறார். எடுத்த பல்லைக் கையில் வாங்கிப் பார்த்தால் அதில் ஒரு சொத்தைகூட இராது! பல் நல்ல பல்தான். அது ஊன்றி நின்ற இடமே கெட்டுவிட்டது.

விவசாயிகளாகிய உங்களுக்கு இதை விளக்குவது கடினமன்று. ஓடைக்கரையில் நிற்கும் தென்னையை எண்ணிப் பாருங்கள். மரத்தில் பூச்சியில்லை, நோயில்லை, குலையும் தள்ளியிருக்கிறது. ஆயினும் வெள்ளம் கரை மண்ணைச் சிறிது சிறிதாக அரித்து வேரை வெளிப்படுத்திவிட்டால், மரம் ஒருநாள் சாய்ந்தே தீரும். பல் அந்த மரம். தாடை எலும்பும் ஈறும் அந்தக் கரை. மரத்திற்கு மருந்து தெளித்துப் பிரயோஜனமில்லை. கரையைக் காக்க வேண்டும்.

தேயிலைத் தோட்டங்கள் தந்த பாடம்

நாம் கூறுவது வெறும் உவமையன்று. இது பல ஆண்டுகள் ஆராய்ந்து அறியப்பட்ட உண்மை. அந்த ஆராய்ச்சி நம் தமிழ் மக்களிடையே நடைபெற்றது என்பது நாம் யாவரும் அறிந்துகொள்ள வேண்டிய செய்தி.

நார்வே நாட்டில் பிறந்த ஹெரால்டு லோ என்னும் பல் மருத்துவ அறிஞரும் அவருடைய குழுவினரும், 1970ஆம் ஆண்டில் இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில் பணிபுரிந்த 480 ஆண் தொழிலாளர்களின் வாயைப் பரிசோதித்தனர். நம் நாட்டிலிருந்து அங்கு சென்று குடியேறிய தமிழ் மக்களின் வழிவந்தவர்கள் அவர்கள். பல் வைத்தியரை அணுகும் வாய்ப்பு அவர்களுக்குக் கிட்டியதில்லை. பல்துலக்கியின் உபயோகமும் அவர்களிடையே வழக்கத்தில் இல்லை. அவர்களுடைய பற்களில் சொத்தை ஏறக்குறைய இல்லவேயில்லை. ஆனால் அழுக்கும் காரையும் மிகுந்திருந்தன. ஈறு வீக்கம் அநேகமாக எல்லோருக்கும் இருந்தது. அக்குழுவினர் 1985ஆம் ஆண்டு வரை இடையிடையே சென்று அவர்களை மீண்டும் மீண்டும் பரிசோதித்து, 1986ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர்.

அம்முடிவுகள் வருமாறு: நூற்றுக்கு 8 பேருக்கு நோய் மிக விரைவாக முற்றியது. அவர்களுக்கு இருபது வயதிலேயே பல் விழத் தொடங்கி, 35 வயதில் 12 பற்களும், 40 வயதில் 20 பற்களும் போய், 45 வயதில் வாய் முழுவதும் பொக்கையாயிற்று. நூற்றுக்கு 81 பேருக்கு நோய் மிதமான வேகத்தில் வளர்ந்தது. அவர்கள் முப்பது வயதிற்குமேல் பற்களை இழக்கலாயினர். எஞ்சிய 11 பேருக்கு மட்டும், ஈறு வீங்கியிருந்தபோதிலும், பல்லைப் பிடித்திருக்கும் கட்டு அநேகமாகக் குலையவில்லை.

இதே அறிஞர்கள் நார்வே நாட்டின் ஆஸ்லோ நகரில், இளமை முதல் பல் பராமரிப்புப் பெற்று வந்த படித்த மக்களையும் ஆராய்ந்தனர். நாற்பது வயதை நெருங்கும்போது பல்லின் பிடிப்பில் அவர்கள் இழந்தது சராசரியாக 1.5 மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். தோட்டத் தொழிலாளர்கள் இழந்ததோ 4.5 மில்லிமீட்டர். மூன்று மடங்கு வேறுபாடு! பராமரிப்பு இருந்த இடத்தில் கரை நின்றது. இல்லாத இடத்தில் கரைந்தது.

இதிலிருந்து நாம் கற்கும் பாடங்கள் இரண்டு. முதலாவது, சொத்தையில்லாத வாயிலும் பற்கள் அத்தனையும் போகக்கூடும். இரண்டாவது, "எங்கள் பாட்டனார் ஒருநாளும் பல்துலக்கியைத் தொட்டதில்லை, எண்பது வயதிலும் முறுக்கைக் கடித்தார்" என்று நம்மிடையே சிலர் சொல்கிறார்களே, அதற்கும் இங்கு விடையிருக்கிறது. அந்தப் பாட்டனார் நூற்றில் 11 பேரைச் சேர்ந்தவராக இருந்திருக்கலாம். அவருடைய பேரன் எந்தப் பிரிவைச் சேர்ந்தவன் என்பதைப் பல் ஆடுவதற்கு முன்பு அவனே அறியமாட்டான். ஆகையால் எல்லோரும் காத்துக்கொள்வதே விவேகம்.

நோய் உண்டாகும் விதம்

பல்லும் ஈறும் சேருமிடத்தில் சட்டைக் கழுத்துப் பட்டிபோல் ஒரு சிறு இடுக்கு உண்டு. நலமான ஈற்றில் அதன் ஆழம் 1 முதல் 3 மில்லிமீட்டர் வரை இருக்கும். நாம் உண்டபின் சில மணி நேரத்திற்குள்ளேயே பல்லின்மீது கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் படியத் தொடங்குகின்றன. ஒருநாள் துலக்காவிட்டால் நாவினால் தடவும்போது அது வழவழப்பாகத் தட்டுப்படும். இதனை அழுக்குப் படலம் எனலாம். உமிழ்நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்து இப்படலத்தில் ஊறி, சில நாட்களில் அதைக் கல்போல் இறுகச் செய்துவிடுகிறது. இதுவே காரை. மென்மையான படலத்தைத் துலக்கி அகற்றலாம். காரையாக இறுகியபின் எவ்வளவு அழுத்தித் தேய்த்தாலும் அது போகாது. அதன் சொரசொரப்பான மேற்பரப்பில் மேலும் மேலும் படலம் படிகிறது.

கிருமிகளை எதிர்க்க உடல் அவ்விடத்திற்கு இரத்தத்தைப் பாய்ச்சுகிறது. ஈறு சிவந்து வீங்கி, தொட்டால் இரத்தம் கசிவது இதனால்தான். இது முதல் நிலை. இந்நிலையில் எலும்பிற்குச் சேதமில்லை, முற்றிலும் குணமாக்கிவிடலாம். இதே ஹெரால்டு லோ 1965ஆம் ஆண்டில் வெளியிட்ட ஓர் ஆராய்ச்சியில், நலமான ஈறுகளைக் கொண்ட 12 பேர் பல் துலக்குவதை நிறுத்தினர். 10 முதல் 21 நாட்களுக்குள் அனைவருக்கும் ஈறு வீக்கம் கண்டது. மீண்டும் ஒழுங்காகத் துலக்கத் தொடங்கியதும் ஏறக்குறைய ஒரு வாரத்தில் ஈறு பழைய நிலையை அடைந்தது. நோயின் காரணமும் அதன் நிவாரணமும் இதனால் ஐயத்திற்கிடமின்றி விளங்கின.

முதல் நிலையைக் கவனியாமல் விட்டால், சிலருக்குச் சில ஆண்டுகளிலும் சிலருக்குப் பல ஆண்டுகளிலும் நோய் இரண்டாம் நிலையை அடைகிறது. பழைய தலைமுறையினர் பயோரியா என்று வழங்கியது இந்நிலையைத்தான். பல்லுக்கும் ஈற்றிற்கும் இடையேயுள்ள இடுக்கு ஆழமாகிப் பையைப்போலாகிறது. அதனுள் கிருமியும் சீழும் தங்குகின்றன. பல்லைத் தாங்கும் எலும்பு சுரைந்து குறைகிறது. ஈறு கீழிறங்கிப் பல் நீண்டதுபோல் தோன்றும், பற்களுக்கிடையே சந்து விழும், பல் ஆடும். இந்நிலையில் நோயை நிறுத்தலாமே தவிர, போன எலும்பைப் பெரும்பாலும் முழுவதுமாக மீட்க இயலாது. அடித்துச் சென்ற மேல்மண் திரும்பி வருவதில்லை என்பதை உழவர்களுக்கு நாம் சொல்லவேண்டியதில்லை.

யார் அதிகம் எச்சரிக்கையாக இருக்கவேண்டும்?

முதலாவதாக, நீரிழிவு உடையவர்கள். சர்க்கரை கட்டுக்கடங்காமல் இருப்பவர்களுக்கு ஈறு நோய் எளிதில் வருகிறது, வேகமாகவும் முற்றுகிறது. அதுபோலவே, ஈற்றில் சீழ் தங்கியிருந்தால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவது கடினமாகிறது. ஈறு நோய்க்குச் சிகிச்சை பெற்றபின் இரத்தச் சர்க்கரை அளவு ஓரளவு குறைவதையும் ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. இவ்விரண்டும் ஒன்றையொன்று வளர்ப்பவை. ஆகவே, சர்க்கரைக்கு மாத்திரை உண்பவர்கள் காலையும் கண்ணையும் காட்டுவதுபோல வாயையும் காட்டவேண்டும். வயதில் இளையவருக்கு ஈறு அடிக்கடி சீழ்க்கட்டினால், அவருக்குச் சர்க்கரை இருக்கிறதா என்று சோதிப்பதும் நல்லது.

இரண்டாவதாக, புகையிலை உபயோகிப்பவர்கள். அம்பத்தூரில் 1964ஆம் ஆண்டில் தொழிற்பேட்டை தொடங்கிய காலம் முதல், நம் கிராமங்களிலிருந்து வயலுக்குச் செல்பவர்களைப்போலவே ஆலைகளுக்குச் செல்பவர்களும் பெருகினர். இரவு வேலையில் தூக்கம் வராதிருக்கப் புகையிலையை அடக்கிக்கொள்வதும் பீடி சிகரெட் பிடிப்பதும் சிலரிடம் பழக்கமாகின்றன. புகை பிடிப்பவருக்கு ஈற்றில் இரத்த ஓட்டம் குறைவதால் இரத்தக் கசிவும் குறைவாகவே காணும். "எனக்கு இரத்தமே வருவதில்லை" என்று அவர் மகிழ்ந்திருக்க, உள்ளே எலும்பு கரைந்துகொண்டிருக்கும். எச்சரிக்கை மணியின் நாவைக் கட்டிவிட்டதற்கு ஒப்பாகும் இது. புகையிலையை அடக்கும் இடத்தில் ஈறு சுருங்கிப் பல்வேர் வெளிப்படுவதோடு, வாய்ப் புற்றுநோயும் தோன்றக்கூடும். சில பெண்மணிகள் பல்வலிக்கு மருந்து என்று எண்ணிப் புகையிலைப் பொடியைத் தேய்த்து, பின்பு அதை விடமுடியாமல் தவிக்கின்றனர். பற்பொடியிலும் பற்பசையிலும் புகையிலை சேர்ப்பதை நம் நாட்டில் 1992ஆம் ஆண்டிலேயே சட்டம் தடை செய்துவிட்டது என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்லவேண்டும்.

மூன்றாவதாக, கர்ப்பிணிகள். உடலில் ஏற்படும் மாறுதல்களால் அக்காலத்தில் ஈறு எளிதில் வீங்கி இரத்தம் வடியும். "பிள்ளைத்தாய்ச்சி பல் வைத்தியரிடம் போகக்கூடாது" என்பது தவறான எண்ணம். நான்கு முதல் ஆறு மாதங்கள் வரை பல் சுத்தம் செய்துகொள்ள ஏற்ற காலம். கர்ப்பமாயிருப்பதை முன்கூட்டியே வைத்தியரிடம் தெரிவித்தால் போதும்.

நான்காவதாக, சில மாத்திரைகளை நெடுங்காலம் உண்பவர்கள். இரத்தக் கொதிப்பிற்குத் தரப்படும் அம்லோடிபின், வலிப்பு நோய்க்குத் தரப்படும் பெனிடாயின் ஆகியவற்றால் சிலருக்கு ஈறு தடித்துப் பல்லின்மேல் வளர்வதுண்டு. இதைக் கண்டு மாத்திரையைத் தாமாக நிறுத்திவிடுவது பேராபத்து. மாத்திரை எழுதித் தந்த மருத்துவரிடம் சொல்லுங்கள். தக்க மாற்றத்தை அவர் செய்வார்.

நாள்தோறும் செய்யவேண்டியவை

ஆலங்குச்சியும் வேலங்குச்சியும் பல்லுக்கு உகந்தவை என்று நம் முன்னோர் போற்றினர். அதை நாம் இகழவில்லை. குச்சியின் நுனியை நன்றாக மென்று நார்போலாக்கி, பொறுமையாகத் தேய்த்தால் அழுக்கு அகலும். எனினும் கடைவாய்ப் பற்களின் உட்புறத்திற்குக் குச்சி எளிதில் எட்டுவதில்லை. வேலை அவசரத்தில் முன்பற்களை மட்டும் நாலு இழுப்பு இழுத்துவிட்டுக் குச்சியை எறிந்துவிடுகிறோம். ஆகையால் மென்மையான நார்களுள்ள பல்துலக்கியே யாவருக்கும் ஏற்றது. செங்கற்பொடி, அடுப்புக்கரி, சாம்பல், மணல் ஆகியவற்றை அறவே தவிர்க்கவேண்டும். அவை பல்லின் மேற்பூச்சைத் தேய்த்து, ஈற்றையும் புண்ணாக்குகின்றன.

துலக்கும் முறையாவது: துலக்கியின் நார்கள் பல்லும் ஈறும் சேரும் வரம்பில் சாய்வாகப் படும்படி வைக்கவேண்டும். அங்கேயே மெல்லச் சிறு அசைவாக அசைத்து, பின்பு ஈற்றிலிருந்து பல்லின் நுனியை நோக்கித் தள்ளவேண்டும். மேல்வரிசை, கீழ்வரிசை, வெளிப்புறம், உட்புறம், மெல்லும் பரப்பு என்று ஓர் ஒழுங்கு வைத்துக்கொண்டால் எவ்விடமும் விடுபடாது. இதற்கு 2 நிமிடங்கள் போதும். காலையில் ஒருமுறை, இரவு படுக்குமுன் ஒருமுறை துலக்குவது அவசியம். இரண்டில் இரவில் துலக்குவதையே நம்மில் பலர் விட்டுவிடுகிறோம். உறக்கத்தில் உமிழ்நீர் சுரப்பது குறைவதால், கிருமிகளுக்கு அதுவே வாய்ப்பான நேரம். நார் விரிந்துபோன துலக்கியை மூன்று மாதங்களுக்கு ஒருமுறை மாற்றவேண்டும். குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் தனித்தனித் துலக்கி இருக்கட்டும்.

பற்களுக்கிடையே சந்து விழுந்தவர்கள் ஊசியையோ ஊக்கையோ தீக்குச்சியையோ கொண்டு குத்தலாகாது. அதற்கென்றே சிறு துலக்கிகளும் நூலும் கடைகளில் கிடைக்கின்றன. இரத்தம் வருகிறது என்று பயந்து அவ்விடத்தைத் துலக்காமல் விடுவது நம் மக்கள் செய்யும் பெரிய தவறு. இரத்தம் வரும் இடமே மெதுவாகவும் கவனமாகவும் துலக்கவேண்டிய இடம். ஒழுங்காகத் துலக்கியும் இரண்டு வாரங்களில் இரத்தம் நிற்கவில்லையென்றால், உள்ளே காரை இருக்கிறது என்று கொள்ளலாம். அப்போது வைத்தியரிடம் செல்லவேண்டும்.

சிகிச்சையைப் பற்றிய வீண் அச்சம்

"பல்லைச் சுத்தம் செய்தால் பல் ஆடும், சந்து விழும், கூசும்." இந்த நம்பிக்கை நம் கிராமங்களில் மட்டுமன்றி நகரங்களிலும் வேரூன்றியிருக்கிறது. இதனால் எத்தனையோ பற்கள் வீணாகப் போகின்றன. இதன் உண்மையைச் சற்று ஆராய்வோம்.

நெடுங்காலம் காரை படிந்த வாயில் எலும்பு ஏற்கெனவே கரைந்திருக்கும். காரையோ பற்களுக்கிடையே சுண்ணாம்புச் சாந்துபோல் இறுகி நின்று, ஆடும் பற்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்திருக்கும். அதை அகற்றியதும் முன்பே இருந்த ஆட்டமும் சந்தும் வெளிப்படுகின்றன. வீக்கம் வற்றுவதால் ஈறு சற்று இறங்கியதுபோலும் தோன்றும். மறைந்திருந்த வேர்ப்பகுதியில் குளிர்ந்த நீர் படுவதால் சில நாட்கள் கூச்சமும் இருக்கும். இவற்றைக் கண்டு, சிகிச்சையே கேடு விளைவித்தது என்று எண்ணிவிடுகிறோம். கரையான் அரித்த தூணின்மேல் பூசியிருந்த மண்ணைத் தட்டிவிட்டால் அரித்த இடம் தெரியும். தட்டியவர்தான் அரித்தார் என்று சொல்லமுடியுமா? ஈறு நலமடைய அடைய, சற்றே ஆடிய பற்கள் முன்னிலும் உறுதிப்படுவதே வழக்கம்.

சிகிச்சை படிப்படியாக நடைபெறுகிறது. முதலில் மருத்துவர் மெல்லிய அளவுகோலை ஈற்றின் இடுக்கில் விட்டுப் பையின் ஆழத்தை அளப்பார். தேவையானால் எக்ஸ்ரே படம் எடுத்து எலும்பின் நிலையை அறிவார். அடுத்து, நுண்ணிய அதிர்வால் இயங்கும் கருவியைக் கொண்டும் கைக்கருவிகளைக் கொண்டும் ஈற்றின் மேலும் கீழுமுள்ள காரையை அகற்றுவார். ஆழமான இடங்களில் மரத்துப்போகும் ஊசி போட்டு வேரின் பரப்பையும் சுத்தம் செய்வார். சில வாரங்களுக்குப்பின் மீண்டும் அளந்து பார்ப்பார். பை வற்றியிருந்தால் அத்துடன் நிறுத்தலாம். வற்றாத இடங்களில் ஈற்றைச் சிறிது விலக்கி உள்ளே சுத்தம் செய்து தைக்கும் சிறு அறுவைச் சிகிச்சை தேவைப்படும். பின்பு மூன்று முதல் ஆறு மாதங்களுக்கு ஒருமுறை சென்று காட்டிவர வேண்டும். ஒருமுறை களையெடுத்தால் அந்தப் போகம் முழுவதற்கும் போதுமா? வாயும் அவ்வாறே.

கிருமிக்கொல்லி மாத்திரைகளை மட்டும் மருந்துக் கடையில் வாங்கி உண்பதால் ஈறு நோய் தீராது. காரை உள்ளே இருக்கும்வரை நோயும் இருக்கும். ஈறு வீங்கிச் சீழ்க்கட்டினால், வெதுவெதுப்பான உப்பு நீரில் வாய் கொப்பளித்து உடனே பல் மருத்துவரிடம் செல்லவேண்டும். கன்னத்திற்குச் சூடு வைப்பதும், வலி மாத்திரையைப் பொடித்து ஈற்றில் வைப்பதும் தீங்கானவை. வீக்கம் கண்ணை நோக்கியோ கழுத்தை நோக்கியோ பரவினாலும், காய்ச்சல் கண்டாலும், விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமமாயிருந்தாலும் அது அவசர நிலை. இரவென்றும் பாராமல் பெரிய மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லவேண்டும். இருதய நோய்க்காக இரத்தம் உறையாதிருக்க மாத்திரை உண்பவர்கள் அதைச் சிகிச்சைக்குமுன் தெரிவிக்கவேண்டும்.

நம் வட்டாரத்திலுள்ள வசதிகள்

இத்தகைய சிகிச்சைக்கு எங்கே போவது என்று திகைக்கவேண்டிய நிலையில் நம் வட்டாரம் இல்லை. பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையில் வேலப்பன்சாவடியில் 1988ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட சவீதா பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மதுரவாயலில் மீனாட்சி அம்மாள் பல் மருத்துவக் கல்லூரியும், முகப்பேரை அடுத்த கோல்டன் ஜார்ஜ் நகரில் தாய் மூகாம்பிகை பல் மருத்துவக் கல்லூரியும், போரூரில் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் பல் மருத்துவப் பிரிவும் உள்ளன. அரசு ஸ்தாபனத்தையே நாட விரும்புவோருக்கு, 1953ஆம் ஆண்டில் தொடங்கிய தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரியும் மருத்துவமனையும் சென்னையில் கோட்டை ரயில் நிலையத்தை அடுத்து அமைந்துள்ளன. ஆவடி, அம்பத்தூர் மக்கள் மின்சார ரயிலில் சென்ட்ரலில் இறங்கி, எதிரேயுள்ள பூங்கா நிலையத்தில் ஏறினால் அடுத்த நிலையமே கோட்டை. அரசு மருத்துவமனைகளிலும், மேம்படுத்தப்பட்ட ஆரம்ப சுகாதார நிலையங்கள் பலவற்றிலும் பல் மருத்துவர்கள் பணிபுரிகின்றனர்.

கல்லூரி மருத்துவமனைகளில் ஈறு நோய்க்கென்றே தனித் துறை உண்டு. மாணவர்கள் ஆசிரியர்களின் மேற்பார்வையில் சிகிச்சை செய்கின்றனர். நேரம் சற்று அதிகமாகும். ஆனால் செலவு குறையும். தெருவோரத்தில் பல் கட்டுவோரிடமும், பதிவு பெறாதவர்களிடமும் வாயைத் திறந்து காட்டுவதற்கு நம் மக்களுக்கு அவசியமே இல்லை. இத்தனை வசதிகள் பேருந்து செல்லும் தூரத்தில் இருந்தும், பல் ஆடி விழும் தருவாயில் அதைப் பிடுங்கிக்கொள்வதற்கு மட்டுமே அங்கே செல்வோமானால், ஏரி நிரம்பியிருக்கப் பயிரைக் காயவிட்டவர்களாவோம்.

பஞ்சாயத்து செய்யத்தக்க பணிகள்

இவ்விஷயத்தில் பஞ்சாயத்து என்ன செய்யமுடியும் என்று நீங்கள் கேட்கலாம். பெருஞ்செலவின்றிச் செய்யத்தக்கவை சில உண்டு.

ஒன்று: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடும் கிராம சபைகளில் ஒன்றிலேனும் வாய் நலத்தைப் பற்றிப் பேச வைக்கலாம். அருகிலுள்ள சுகாதார நிலையத்திலிருந்தோ கல்லூரியிலிருந்தோ ஒரு பல் மருத்துவரை அழைத்து, துலக்கும் முறையைப் பெரிய மாதிரிப் பல்வரிசையில் செய்து காட்டச் சொல்லலாம்.

இரண்டு: கல்லூரிகள் நடத்தும் பல் மருத்துவ முகாம்களைக் கிராமத்திற்கு அழைக்கும்போது, மேற்கொண்டு சிகிச்சை தேவைப்படுவோரின் பட்டியலை அவர்களிடமிருந்து கேட்டுப் பெறவேண்டும். முகாமிற்கு வந்தவர்களின் எண்ணிக்கையில் பெருமையில்லை. பட்டியலில் உள்ளவர்களில் எத்தனை பேர் மருத்துவமனைக்குச் சென்று சிகிச்சையை முடித்தனர் என்பதிலேயே முகாமின் வெற்றி இருக்கிறது. வார்டு உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் வார்டில் பத்துப் பேரைப் பின்தொடர்ந்து விசாரித்தாலே நல்ல பலன் விளையும்.

மூன்று: 2021ஆம் ஆண்டு ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின்கீழ், நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் உடையவர்களுக்கு வீட்டிற்கே வந்து மாத்திரை தருகின்றனர். அவ்வாறு வரும் ஊழியரிடம், "துலக்கும்போது இரத்தம் வருகிறது, பல் ஆடுகிறது" என்று தாமே முன்வந்து சொல்லும்படி மக்களைத் தூண்டுங்கள்.

நான்கு: பள்ளியிலிருந்து 100 கஜ தூரத்திற்குள் புகையிலைப் பொருட்களை விற்பது 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அக்கடைகள் யாவை என்பது உங்களுக்குத் தெரியாததன்று. கடைக்காரர் நம் ஊர்க்காரராயிற்றே என்று தயங்கினால், கெடுவதும் நம் ஊர்க் குழந்தைகளே.

ஐந்து: பள்ளிகளில் ஆசிரியர்களின் ஒத்துழைப்புடன், வாரத்திற்கு ஒருநாள் மாணவர்கள் ஒன்றாகக் கூடித் துலக்கும் பழக்கத்தை ஏற்படுத்தலாம். அதற்குக் குழாயடியும், தண்ணீரும், பிள்ளைக்கு ஒரு துலக்கியும் இருந்தால் போதும். பிள்ளை கற்றதை வீட்டில் சொல்லும். தாய் தந்தையரும் கற்பர்.

அன்பர்களே! அம்பத்தூர் 2011ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. ஆவடி 2019ஆம் ஆண்டில் தானே மாநகராட்சியாயிற்று. இவற்றிற்கிடையே நம் கிராமங்களின் வயல்கள் குறைந்து வருகின்றன. இழந்த நிலத்தை மீட்பது நம் கையில் இல்லாதிருக்கலாம். ஆனால் நம் வாயிலுள்ள சிறு நிலத்தைக் காப்பது முற்றிலும் நம் கையில் இருக்கிறது. இன்றிரவு படுக்கைக்குச் செல்லுமுன் ஒவ்வொருவரும் துலக்குங்கள். துப்பும் நீரில் சிவப்பு தெரிந்தால், "வலியில்லையே" என்று வாளாவிருக்க வேண்டாம். வலி வரும்வரை காத்திருப்பவருக்கு இந்நோய் வலியை அனுப்புவதில்லை, பல்லையே கேட்கிறது. உங்கள் குடும்பத்தினரிடமும் அண்டை வீட்டாரிடமும் இதை எடுத்துச் சொல்லி, நம் வட்டார மக்கள் முதுமையிலும் தம் சொந்தப் பல்லால் உண்டு மகிழ வழி செய்யுங்கள்.